பத்துக் குதிரைகள் போதும்

வேகமாக ஓடுவதற்கென்றே ஒரு காரைச் செய்து விற்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்ததில்லை. உரிமமும் ஒதுக்கீடும் ஆட்சி செய்த அந்த நாள்களில் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்னும் மூன்று பெயர்களுக்குள் நம் சாலைகள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. ஆயினும் அம்மூன்றனுள் ஒன்றுக்குப் பந்தயக் குடும்பத்தோடு இரத்த உறவு உண்டு என்று சொன்னால் இளைய தலைமுறையினர் நம்பமாட்டார்கள். சென்னைக்குத் தெற்கே வண்டலூரை அடுத்த ஆலையில் 1961ஆம் ஆண்டு முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டையே குறிப்பிடுகிறோம். காரைக்காலில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் அப்படியொரு ஹெரால்டு நிற்கிறது. 1966இல் பதிவானது, இரண்டு கதவுகள் கொண்டது, அதன் முன்பக்கம் முழுவதும், சக்கரங்களுக்கு மேலுள்ள தகடுகளையும் சேர்த்து, ஒரு பெட்டியின் மூடியைப்போல முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். இந்த வயதில் அதற்கு எவ்வளவு வலிமை கூட்டலாம், எதுவரை கூட்டலாம் என்ற கேள்வி உடன்பிறப்புகளாகிய எங்கள் மூவரையும் சில ஆண்டுகள் பேச வைத்தது. சில மாதங்கள் பேசாமலும் இருக்க வைத்தது.

ஹெரால்டின் பிறப்பே ஒரு நெருக்கடியில் விளைந்தது. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் இருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்தார்க்குக் காரின் உடலை முழுதாகச் செய்து தந்துகொண்டிருந்த ஆலையை அவர்களுடைய போட்டியாளர் விலைக்கு வாங்கிவிட்டார். வேறு வழியின்றி, தனியே ஓர் இரும்பு அடிச்சட்டத்தைச் செய்து, அதன்மீது சிறு சிறு பகுதிகளாக உடலைத் திருகாணி கொண்டு பூட்டும் முறைக்கு அவர்கள் திரும்ப நேர்ந்தது. உலகத்தின் பெரும்பகுதி அடிச்சட்டத்தைக் கைவிட்டு, உடலும் சட்டமும் ஒன்றான அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி உருவம் வரைந்தார். 1959 ஏப்ரலில் கார் வெளிவந்தது. 948 சி.சி. எஞ்சின், 35 முதல் 39 வரை குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 800 கிலோ. 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். எங்கள் ஊர்ச் சந்துகளில் இந்தக் குணத்துக்கு நாங்கள் எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறோம்.

இதே அடிச்சட்டத்தைச் சற்றுக் குறுக்கி, இருவர் அமரும் திறந்த உடலைப் பூட்டி, 1,147 சி.சி. எஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர்களையும் மாட்டி 1962இல் விற்பனைக்கு அனுப்பியதுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார். 1965ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் நகரில் நடந்த இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தில் இரண்டு ஸ்பிட்ஃபயர்கள் பதின்மூன்றாம், பதினான்காம் இடங்களைப் பெற்றன. ஆகவே ஸ்பிட்ஃபயர் எங்கள் காருக்குத் தங்கை முறை. அப்பா பிரெஞ்சு ஆசிரியராக இருந்தவர். லெ மான் என்ற பெயரை மூக்கொலியோடு உச்சரிப்பதில் அவருக்கு ஒரு தனி மகிழ்ச்சி. 1974இல் அந்தக் காரைச் சென்னையில் ஒருவரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கி வந்தபோது, வண்டியைவிட அந்த உறவுமுறையைத்தான் அவர் ஊராரிடம் மிகுதியாக விளக்கினார் என்று அம்மா சொல்வார்கள்.

சோழவரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போரின்போது அமைக்கப்பட்டுப் பின்னர் வானூர்திகள் கைவிட்ட ஓடுதளம் அது. 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை தென்னிந்தியாவின் கார்ப் பந்தயம் அங்கேதான் நடந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்பட்ட பிறகே அதன் ஆரவாரம் அடங்கியது. வெளிநாட்டுப் பந்தயக் கார்கள் ஒருசிலர்க்கே எட்டும் பொருளாயிருந்தபடியால், நம்மவர் ஹெரால்டையும் ஃபியட்டையும் கொண்டே தொழில் கற்றார்கள். ஹெட்டை லேத்தில் கொடுத்து மயிரிழை அளவு சீவி எஞ்சினின் அழுத்தத்தைக் கூட்டுவது, காற்றும் புகையும் செல்லும் துளைகளைக் கையால் தேய்த்து வழவழப்பாக்குவது, ஒன்றுக்கு இரண்டு கார்புரேட்டர் வைப்பது, புகைக்குழாயை மாற்றி வளைப்பது. கோயம்புத்தூர்க் கரிவர்தன் 1980களின் பிற்பகுதியில் மாருதியின் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்ற சிறு பந்தயக் காரை அமைத்ததும் இந்தப் பட்டறை மரபின் தொடர்ச்சியே. அவ்வகைக் காரில் பழகியவர்களுள் ஒருவரான நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்றுக்குச் சென்ற முதல் இந்தியரானார். குறைந்த பொருளில் நிறைந்த பயனைப் பெறுவது எப்படி என்பதை நம் மெக்கானிக்குகள் பல்கலைக்கழகத்தில் கற்கவில்லை.

அப்பா 2011இல் இறந்தார். கார் நின்றுவிட்டது. கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில் ஓர் இரும்புப் பொருள் ஏழு ஆண்டுகள் அசையாமல் நின்றால் என்ன ஆகும் என்பதைக் கடற்கரை மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் கொட்டகையின் தகரக் கூரையைப் பிய்த்தெறிந்தபோதுதான் அந்தக் காரைப் பகல் வெளிச்சத்தில் மறுபடியும் கண்டோம். அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் அரித்துப்போய், விரலால் அழுத்தினால் உதிர்ந்தன. அவற்றைத் தாங்கலாகக் கொண்டே உடல் முழுவதும் நிற்கிறது. ஆகையால் வலிமை கூட்டும் பேச்சுக்கு முன்பே, நேரவிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் அந்தக் கைகளைத் தகடு வெட்டிப் புதிதாகச் செய்து பற்றவைத்தோம். அதற்கே நான்கு மாதங்கள் ஆயின.

பிறகுதான் விவாதம் தொடங்கியது. எங்கள் சகோதரியின் மகன் இயந்திரப் பொறியியல் படித்தவன். இருபத்து நான்கு வயது. "மாமா, இந்த எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிடுவோம். புதுப்பேட்டையில் பழைய எஸ்டீம் எஞ்சின் கிடைக்கும். 1,298 சி.சி., 85 குதிரைத்திறன். அப்புறம் பாருங்கள்" என்றான். அவன் சொன்னதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. 800 கிலோ எடைக்கு 85 குதிரைத்திறன் என்பது ஸ்பிட்ஃபயரையே தோற்கடிக்கும் விகிதம். நாட்டில் பல ஹெரால்டுகள் இவ்வாறு வேறு எஞ்சின் பூட்டி ஓடியதும் உண்மை. எங்களில் இளையவர் அவன் பக்கம்; மூத்தவர் எதிர்ப்பக்கம்; தாயாகிய சகோதரி இரு பக்கமும் சேராமல், "இதில் உட்காரப்போவது என் பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

இதற்கு நேர்மாறான ஒரு முயற்சியை இதே வண்டலூர் ஆலை ஒருமுறை செய்து பார்த்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்றொரு கார் வந்ததை நடுவயதைக் கடந்த வாசகர்கள் அறிவர். உடல், இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 என்னும் விரைவுக் காருடையது. அங்கே அதற்குள் மூன்றரை லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. இங்கேயோ, வேன்கார்டு காலத்துப் பழைய 1,991 சி.சி. எஞ்சினைச் செப்பனிட்டு வைத்தார்கள். தோற்றம் இருந்த அளவு ஓட்டம் இல்லை. எரிபொருளோ தாராளமாகச் செலவாயிற்று. 1988இல் கார் உற்பத்தியே நின்றுபோனது. புதிய உடலில் பழைய இதயம் அது. மருமகன் கேட்டதோ பழைய உடலில் புதிய இதயம். இரண்டிலும் ஓர் உறுப்பின் வலிமையை மற்ற உறுப்புகள் தாங்குமா என்ற கேள்வி விடையின்றி நிற்கிறது.

ஹெரால்டில் அந்தக் கேள்வி பின் சக்கரங்களில் இருக்கிறது. இதன் பின் அச்சு ஒரே தண்டு அன்று. இரண்டு அரைத் தண்டுகள் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியின் இரு பக்கமும் கீல் போலப் பிணைந்து, பறவையின் சிறகுகளைப்போல மேலும் கீழும் அசையும். மேடுபள்ளமான சாலையில் மிகச் சுகமான அமைப்பு. ஆனால் வளைவில் விரைந்து சென்று, பயந்து திடீரென்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பின்புறம் எழும்பும். வளைவின் வெளிப்பக்கச் சக்கரம், நடக்கும்போது கணுக்கால் பிசகி மடங்குவதுபோல, வண்டிக்கு அடியில் மடங்கும். டயர் தரையைப் பற்றும் பரப்பு சுருங்கிப் பின்பகுதி வீசி எறியப்படும். 35 குதிரைத்திறனில் இது அரிதாகத்தான் நேரும். 85இல் ஒவ்வொரு மழை நாளும் ஆபத்தாகிவிடும். இந்தக் குறையைத் தயாரித்தவர்களே அறிந்திருந்தார்கள். 1970இன் இறுதியில் வந்த நான்காம் ஸ்பிட்ஃபயரில், குறுக்கே கிடக்கும் பின் வில்லின் தகடுகளுள் ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டு, மற்றவற்றை நடுவில் ஊசலாட விட்டு அதைத் திருத்தினார்கள். நம் நாட்டிலோ 1970களில் ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸல் காருக்கு வழக்கமான ஒரே தண்டு அச்சை வைத்து வேலையை முடித்தார்கள். மெக்கானிக்குகளுக்கும் அதுவே பழக்கமானது.

சட்டமும் குறுக்கிட்டது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021இல் வந்த மத்திய அரசின் விதிகளோ, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கார்களைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனியே பதிவு செய்ய வழி திறந்தன. அதற்கு அடிச்சட்டம், உடல், எஞ்சின் மூன்றும் பெரும் மாற்றமின்றி இருத்தல் வேண்டும். அவ்வாறு பதிவான வாகனத்தை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டவும் கூடாது. நாங்கள் இப்போதைக்குச் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்திருக்கிறோம். ஆனால் அந்த வழியை அடைத்துவிட மனமில்லை. கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றும் எண்ணெய் தடவிய துணியில் சுற்றப்பட்டு, பெயரெழுதிய மரப்பெட்டியில் இருக்கிறது. திருகாணியால் மாட்டியது திருகாணியால் கழல வேண்டும். வெட்டுவதும் பற்றவைப்பதும் இனி இல்லை என்ற ஒப்பந்தத்துக்கு மருமகனும் இசைந்தான். அவன் கேட்ட 85க்கும் இருந்த 35க்கும் நடுவே, அக்காலத்து ஹெரால்டு கூப்பே என்னும் வகை, இதே 948 சி.சி. எஞ்சினிலிருந்து இரண்டு கார்புரேட்டர்களைக் கொண்டு எடுத்த சுமார் 45 குதிரைத்திறனை எல்லையாக வைத்துக்கொண்டோம்.

ஆயினும் எஞ்சினை யாரும் தொடுவதற்கு முன் பிரேக்கு முடியவேண்டும் என்று சகோதரி நிபந்தனை விதித்தார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் எங்கள் சாலை. காரைக்காலிலிருந்து திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர், நாகூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணிக்குச் செல்லும் சாலையை வாசகர்களில் பலர் நடந்தே அறிந்திருப்பார்கள். ஆகஸ்டு 29இல் கொடியேறும் முன்னும் பின்னுமாகக் காவி உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாக இரவெல்லாம் நடக்கிறார்கள். வெயிலுக்கு அஞ்சி இரவைத் தேர்ந்தவர்கள். தோளில் குழந்தை, கையில் சிறு தேர், சிலர் காலில் செருப்பும் இல்லாமல். எதிரே வரும் பேருந்தின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும் அந்த ஒரு நொடியில், சாலையோரத்தில் இருப்பது நிழலா ஆளா என்று தெரியாது. அந்த நொடிக்காகத்தான் பிரேக்கு.

வேகத்தின் கணக்கு நாம் நினைப்பதுபோல நேர்விகிதத்தில் நடப்பதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டியை நிறுத்த எவ்வளவு ஆற்றலைப் பிரேக்கு விழுங்கவேண்டுமோ, 80இல் அதைப்போல ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கை விழுங்கவேண்டும். அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறுகிறது. ஹெரால்டின் டிரம் பிரேக்கு மூடிய பாத்திரம் போன்றது. வெப்பம் வெளியேற வழி குறைவு. இரண்டு மூன்று முறை அழுத்திப் பிடித்தால் பிடி தளரும். தட்டு பிரேக்கு காற்றில் திறந்து கிடப்பது. ஸ்பிட்ஃபயருக்கு முதலிலிருந்தே முன் சக்கரங்களில் தட்டுத்தான். இங்கிலாந்தில் ஹெரால்டின் 1200 வகைக்கும் அதை விரும்பினால் பெற்றுக்கொள்ள முடிந்தது. பாரிசில் குடியேறிய எங்கள் உறவினர் ஒருவர், பழைய டிரையம்ஃப் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் இங்கிலாந்துக் கடையிலிருந்து முன் சக்கரங்களுக்கான தட்டு பிரேக்குகளையும், நான்காம் ஸ்பிட்ஃபயரின் பின் வில்லையும், அதற்கு இணையான பருத்த முன் தண்டையும் வாங்கி அனுப்பினார். காரைக்காலில் பாதி வீடுகளுக்குப் பிரான்சில் ஓர் உறவினர் உண்டு. பெரும்பாலும் வாசனைத் தைலமும் சாக்லேட்டும் வரும் வழியில் எங்களுக்கு இரும்பு வந்தது. சுங்க வரியும் சேர்த்து ரூ. 1,10,000 ஆயிற்று. எஞ்சினுக்குப் பின்னர் நாங்கள் செலவிட்டது இதில் பாதிகூட இல்லை.

அசல் ஹெரால்டில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. எங்காவது ஒரு ரப்பர்க் குழாய் வெடித்தால் நான்கும் போயிற்று. ஆகவே இரண்டு தனிப் பாதைகள் உள்ள மாஸ்டர் சிலிண்டரையும் மாட்டினோம். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இதில் எதுவும் தெரியாது. நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட முடியாத செலவு என்று மருமகன் முணுமுணுத்தான்.

டயர் எளிதாக முடிந்தது. பழைய 13 அங்குலச் சக்கரத்துக்கு முந்தைய வேகன்-ஆர் காருக்கு வந்த 145/80 ரேடியல் டயர் பொருந்துகிறது. எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தேய்ந்துபோகும் பாயிண்டை எடுத்துவிட்டு, அதே மூடிக்குள் மறையும் சிறு மின்னணுப் பொறியை வைத்தோம். மழைக்காலக் காலையில் பத்து முறை உறுமி அடங்கிய வண்டி இப்போது இரண்டாம் முறையில் எழுகிறது.

எஞ்சின் வேலையை ஊரின் பழைய லேத்துக்காரர் பாய் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அப்பா காலத்திலிருந்தே எங்களை அறிந்தவர். ஹெட்டைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, வால்வு சீட்டை மாத்திட்டீங்களா?" என்பதுதான். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியோடு நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் முற்றும் நின்றது. மூச்சுக்கு நல்லதே. ஆனால் அந்த ஈயந்தான் பழைய எஞ்சின்களில் வால்வும் அதன் இருக்கையும் உரசும் இடத்தில் மெல்லிய காப்பாக அமைந்திருந்தது. அது இல்லாமல் வேகமாக ஓட்டினால் புகை வால்வின் இருக்கை சிறிது சிறிதாகக் குழிந்துபோகும். பாய் அவற்றைக் குடைந்தெடுத்து, கடினமான எஃகு வளையங்களை இறுக்கினார். ஹெட்டையும் சற்றே சீவினார். இன்னும் கொஞ்சம் சீவச் சொன்ன மருமகனிடம், "சித்திரை வெயில்ல நாகூர் ரயில்வே கேட்டுல நின்னு பாரு, அப்ப சொல்லு" என்று முடித்துவிட்டார். வெயிலில் நின்று கொதித்த எஞ்சினுக்கு அழுத்தமும் கூடினால், பெட்ரோல் தன் வேளைக்கு முன்பே வெடித்துத் தட்டும் என்பது அதன் பொருள்.

பெட்ரோலிலும் இப்போது புதிய கதை. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. தமிழகத்தைவிடச் சற்று மலிவு என்பதால் எல்லை கடந்து வந்து எங்கள் ஊர்ப் பங்குகளில் நிரப்பிக்கொள்ளும் அன்பர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: எத்தனால், பழைய ரப்பரைத் தின்னும், ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நிற்கும் தொட்டியில் துருவை வளர்க்கும். எனவே எரிபொருள் குழாய்கள், பம்பின் தோல், கார்புரேட்டரின் வளையங்கள் யாவற்றையும் அதைத் தாங்கும் வகைக்கு மாற்றினோம். ஆனால் எத்தனால் அவ்வாறு முன்கூட்டி வெடித்துத் தட்டுவதைத் தடுக்கும். ஹெட்டைச் சீவிய எங்களுக்கு அது வசதி. எரியும் ஆற்றல் குறைவாகையால் கலவையில் பெட்ரோலைச் சற்றுக் கூட்டிவிட வேண்டும், அவ்வளவே.

இறுதியாக இரட்டைக் கார்புரேட்டர். எஸ்.யு. என்னும் வகை, அசல் கூப்பேயில் இருந்தவற்றைப் போன்றவை. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கவேண்டும். அதைச் சரிபார்க்க விலையுயர்ந்த கருவிகள் உண்டு; பாயிடம் இருந்தது ஒரு முழ ரப்பர்க் குழாய். ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து, முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என இரண்டின் இரைச்சலையும் மாறி மாறிக் கேட்டுத் திருகை இம்மியளவு திருப்பினார். எழுபது வயதைக் கடந்த காது. நாற்பது நிமிடங்கள் அப்படியே குனிந்து நின்றார். கணினியில் எஞ்சினைப் படித்த மருமகன், கடைசிப் பத்து நிமிடம் அந்தக் குழாயைத் தன் காதில் வைத்துக்கொண்டான். இரண்டு இரைச்சலும் ஒன்றாகிவிட்ட கணத்தை அவனே முதலில் சொன்னான், பாய் தலையசைத்தார்.

குதிரைத்திறனை நாங்கள் அளக்கவில்லை. கூப்பேயின் கணக்கை நம்பினால் பத்து கூடியிருக்கும். இன்றைய மிக மலிவான சிறு காரும் எங்களை எளிதில் முந்திச் செல்கிறது. முன்பு மூன்றாம் கியரில் மூச்சுத் திணறி, எதிரே வருபவர்க்கு அஞ்சிப் பாதியில் பின்வாங்கிய இடங்களில் இப்போது ஒரு வைக்கோல் லாரியைத் தயக்கமின்றிக் கடக்க முடிகிறது. அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டி வரும் வளைவில் பின்புறம் அசையாமல் தொடர்ந்து வருகிறது. சென்ற ஆகஸ்டில் கொடியேற்றத்துக்கு முந்தின இரவு சகோதரியே அதில் ஏறி, மகனை ஓட்டச் சொல்லி நாகூர்வரை போய் வந்தார். நடப்பவர்களைக் கண்ட இடமெல்லாம் அவன் நாற்பதுக்குக் குறைத்தானாம். திரும்பி வந்து இதை மட்டும் சொல்லிவிட்டு உறங்கப் போய்விட்டார். மூத்தவர், பங்குத்தந்தையிடம் வண்டியை மந்திரிக்க நாள் கேட்டு வந்தார். இளையவர், ரேடியோ வாங்கலாமா என்று கேட்டு இருவரிடமும் பேச்சு வாங்கினார்.

கியர்ப்பெட்டி இன்னும் மீதம் இருக்கிறது. ஹெரால்டின் முதல் கியருக்கு ஒத்திசைவு வளையம் கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகே அதில் போடவேண்டும், இல்லையேல் பற்கள் அரைபடும். இரண்டாம் கியரின் வளையம் தேய்ந்து கரகரக்கிறது. பாரிஸ் உறவினர் பொங்கலுக்கு வருகிறார். பெட்டியில் கால் கிலோ இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறோம். அதுவரை பாய் சொன்னபடி, இரண்டாம் கியருக்கு இறங்கும்போது கிளச்சை இருமுறை மிதித்து ஓட்டுகிறோம்.